மோட்டார் மேல் பழி போடாதீர்கள்

தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறி ஆரியங்காவு, புனலூர் போகிற சாலையில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஜூன், ஜூலையில் இந்தப் பக்கம் சாரல் முகத்தில் தெறிக்கும், அவ்வளவுதான். முகட்டைத் தாண்டினால் கொட்டும். திருநெல்வேலியிலிருந்து காய்ந்த கண்ணாடியோடு வந்த கார், அந்த ஏற்றத்தில்தான் பல மாதம் கழித்து முதல்முறையாக வைப்பரைப் போடும். போட்டால் ஓடாது. அல்லது ஒரு பக்கம் மட்டும் ஓடும். அல்லது இரண்டும் ஓடும், ஆனால் தண்ணீரை வழித்தெடுக்காமல் கண்ணாடி முழுக்கப் பூசிவைக்கும். எதிரே வருகிற லாரியின் லைட் அதில் பட்டால் சாலை மறைந்துவிடும்.

நான் தென்காசியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், ஹாரன், லைட் வேலைகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. குற்றாலம் சீசனிலும், கார்த்திகை மார்கழியில் சபரிமலை வண்டிகள் வருகிறபோதும் வைப்பர் வேலை கூடிவிடும். வருகிறவர்கள் கதவைத் திறக்கும்போதே, "அண்ணாச்சி, வைப்பர் மோட்டார் போயிட்டு, புதுசு ஒண்ணு மாட்டி விடுங்க" என்பார்கள். அந்த வார்த்தையை நான் சட்டென்று ஏற்றுக்கொள்வதில்லை. இந்த மொத்த ஏற்பாட்டில் விலை அதிகமான சாமான் மோட்டார். அதேசமயம் அதுதான் உறுதியான சாமானும். அதைச் சுற்றியிருக்கிற ரப்பர், பிளாஸ்டிக் புஷ், நட், எர்த் வயர் எல்லாம் பலவீனமானவை. அவற்றில் ஒன்று கெட்டதற்கு மோட்டாரை மாற்றி, பணத்தையும் கொடுத்து, அடுத்த மழையில் மறுபடி மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. எப்படிக் கெட்டது என்று கவனித்தால், எங்கே கெட்டது என்று வைப்பரே காட்டிக் கொடுக்கும்.

முதல் சோதனைக்கு ஸ்பேனர்கூட வேண்டாம். என்ஜினை நிறுத்திவிட்டு சாவியை மட்டும் ஆன் பண்ணுங்கள். ஏசி ஃபேனையும் பாட்டையும் அணையுங்கள். கண்ணாடி மேல் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிவிட்டு வைப்பரைப் போடுங்கள். காய்ந்த கண்ணாடியில் ஓட்டினால் தூசி தேய்ந்து கீறல் விழும் என்பதால்தான் தண்ணீர். இப்போது காதைக் கொடுங்கள். பானெட் முடிகிற இடத்தில் மோட்டார் சுற்றுகிற சத்தம் கேட்கிறது, பிளேடு அசையவில்லை என்றால் மோட்டாருக்கு ஒன்றுமில்லை. அது சுற்றுகிற சுற்று பிளேடுக்குப் போய்ச் சேரவில்லை. சத்தமே இல்லை என்றால் கரண்ட் வரவில்லை, இல்லையேல் மோட்டாருக்குள் ஏதோ கோளாறு. ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுபோனால் எங்கேயோ இறுகிப் பிடித்திருக்கிறது. வேலை இந்த மூன்று வழியில் ஒன்றில்தான் போகும்.

சத்தம் வருகிறது, பிளேடு வரவில்லை. அப்போது முதலில் பார்க்க வேண்டியது வைப்பர் கையின் அடியில் இருக்கிற நட்டை. சின்ன பிளாஸ்டிக் தொப்பி ஒன்று அதை மூடியிருக்கும், நெம்பினால் வந்துவிடும். உள்ளே ஷாஃப்டில் பல் வெட்டியிருக்கும், கை அந்தப் பல்லில் உட்கார்ந்திருக்கும், மேலே நட்டு பிடித்திருக்கும். நட்டு தளர்ந்தால் ஷாஃப்ட் மட்டும் சுற்றும், கை நின்ற இடத்திலேயே நிற்கும். இறுக்கினால் வேலை முடிந்தது. பல் மழுங்கும்வரை விட்டுவிட்டால் கையையே மாற்ற வேண்டியிருக்கும். கழற்றுவதற்கு முன்னால் பிளேடு படுத்திருக்கிற இடத்தில் கண்ணாடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். அந்த அடையாளம் இல்லாமல் மாட்டினால் பிளேடு ஓரத் தூணில் போய் இடிக்கும், அல்லது பானெட்டில் தட்டும்.

நட்டு சரியாக இருந்தால் உள்ளே போக வேண்டும். கடையநல்லூரிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். வேறொரு ஊரில் புது மோட்டார் போட்டிருக்கிறார்கள், அதன் பிறகும் டிரைவர் பக்கம் ஓடவில்லை. "மோட்டாரே மட்டம் போல, தம்பி" என்றார். "இருங்க சார், திறந்து பார்த்துட்டுச் சொல்லுதேன்" என்று கண்ணாடிக்குக் கீழே இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு கைப்பிடி வேப்பஞ்சருகும் ஈர மண்ணும். அதைத் தள்ளிவிட்டு டார்ச் அடித்தால் விஷயம் தெரிந்துவிட்டது. மோட்டாரிலிருந்து வருகிற இரும்புக் கம்பி வைப்பர் ஷாஃப்டோடு சேருகிற இடத்தில் ஒரு இரும்புக் குண்டு இருக்கும். அதன் மேல் பிளாஸ்டிக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். நம் தோள்பட்டை மூட்டு மாதிரியான அமைப்பு. இதைத்தான் புஷ் என்கிறோம். அவருடைய காரில் அந்தக் கிண்ணத்தின் வாய் தேய்ந்து அகன்று, குண்டை விட்டு நழுவிக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் இழுக்கும்போது கம்பி சும்மா முன்னும் பின்னும் ஆடியது. பழைய மோட்டாரும் இதே காரணத்துக்காகத்தான் பழியேற்றிருக்கும். புது புஷ் வைத்து, கிரீஸ் தடவி, கட்டைவிரலால் அழுத்தினேன், டக்கென்று உட்கார்ந்தது. சில மாடல்களுக்குப் புஷ் தனியாகக் கிடைக்காது, கம்பிகள் சேர்ந்த லிங்கேஜை முழுசாகத்தான் வாங்க வேண்டும். அப்போதும் மோட்டாரைத் தொட வேண்டியதில்லை. நடுவழியில் இப்படிக் கழன்றால் குண்டின் மேல் கிண்ணத்தை மறுபடி அழுத்தி, பிளாஸ்டிக் டையால் சுற்றிக் கட்டினால் வீடு போய்ச் சேரலாம்.

உள்ளே கை விடுவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். சாவியை எடுத்துப் பையில் போடுங்கள், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். ஸ்விட்ச் ஆனிலேயே இருந்து, யாராவது சாவியைத் திருகினால் அந்தக் கம்பிகளுக்கு நடுவில் விரல் நசுங்கிவிடும். கடையில் வேலை கற்றுக்கொள்ள வருகிற பையன்களுக்கு வயரிங்குக்கு முன்னால் நான் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

முனகி நிற்கிற வைப்பருக்கும் மருந்து இதே இடத்தில்தான். கம்பிகளைக் குண்டிலிருந்து பிரித்துவிட்டு, இரண்டு ஷாஃப்டையும் விரலால் திருப்பிப் பாருங்கள். இரண்டு விரலுக்கு லேசாகத் திரும்பினால் நல்லது. திரும்ப மறுத்தால் ஷாஃப்ட் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. சருகு அடைத்து, தண்ணீர் வடிகிற துளை மூடி, மழைநீர் அங்கேயே தேங்கினால் இதுதான் நடக்கும். ஷாஃப்டை உருவி, துருவை எமரித் தாளால் தேய்த்து, புது கிரீஸ் வைத்து மாட்டினால் மோட்டாரின் சுமை இறங்கிவிடும். பல மோட்டார்களுக்குள் சூடேறினால் கரண்டைத் துண்டிக்கிற சின்னப் பாதுகாப்பு உண்டு. கொஞ்ச நேரம் ஓடி, நின்று, தானாகவே மறுபடி ஓடுகிற வைப்பரைப் பார்த்தால் மோட்டார் சாகக் கிடக்கிறது என்று நினைக்க வேண்டாம். பாரம் தாங்காமல் சூடேறி, ஆறிய பிறகு எழுந்திருக்கிறது. இறுக்கத்தைத்தான் தேட வேண்டும்.

இனி, சத்தமே வராத வண்டி. ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் எது வைப்பர் ஃபியூஸ் என்று போட்டிருக்கும். 15 ஆம்பியர் நீலம், 20 மஞ்சள், 25 நிறமில்லாதது, 30 பச்சை. எரிந்திருந்தால் அதே அளவைத்தான் போட வேண்டும். 'அடிக்கடி போகுது' என்று 15 இருந்த இடத்தில் 30 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு ஃபியூஸ் எரியாது, வயர் எரியும். திரும்பத் திரும்ப ஃபியூஸ் போவதே, எங்கோ ஷாஃப்ட் இறுகியிருக்கிறது அல்லது வயர் உரசி பாடியில் தொடுகிறது என்பதற்கான தகவல். எலி கடித்த வயரையும் நிறையப் பார்க்கிறேன்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் மோட்டாரில் வயர் சேருகிற கப்ளர்வரை கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு மீட்டரைவிட டெஸ்ட் லேம்ப்தான் எனக்கு நம்பிக்கை. பழைய இண்டிகேட்டரில் இருக்குமே, 21 வாட் பல்பு, அதில் இரண்டு வயர் வைத்துச் செய்தது. கப்ளரில் பச்சை பூத்து ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தால்கூட மீட்டர் 12 வோல்ட் என்று காட்டிவிடும். மோட்டாரைச் சுற்ற வைக்கிற கரண்ட் அந்த இழை வழியாகப் போகாது. பல்பு பொய் சொல்லாது. மங்கலாக எரிந்தால் வழியில் அடைப்பு.

வைப்பர் ஓடுகிறது, ஆனால் களைத்துப்போய் ஓடுகிறது என்றால் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். மோட்டார் ஓடும்போது அதன் உடம்புக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவில் மீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. விபத்தில் முன்பக்கம் அடிபட்டு, டிங்கரிங் பெயிண்டிங் முடிந்து வந்த கார்களில் இதைப் பார்த்திருக்கிறேன். எர்த் வயர் போல்ட் ஏறுகிற இடத்தில் அழகாக பெயிண்ட் அடித்திருப்பார்கள். பெயிண்ட்டைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கினால் வைப்பர் பழைய வேகத்துக்கு வந்துவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் மோட்டாரைத் திறக்க வேண்டும். திறந்தால் அதன் அமைப்பு மனசுக்குப் பிடித்துப்போகும். ஒரு பக்கம் ஆர்மேச்சர். அதன் நுனியில் திருகுப் பல். அந்தப் பல் ஒரு பெரிய நைலான் சக்கரத்தைச் சுற்றுகிறது. ஆர்மேச்சரின் வேகம் அங்கே குறைந்து இழுவையாக மாறுகிறது. ஆர்மேச்சரைத் தொட்டுக்கொண்டு மூன்று கார்பன் பிரஷ். எதிரெதிராக இருக்கிற இரண்டும் மெதுவான வேகத்துக்கு. மூன்றாவது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கும். கரண்ட் அதன் வழியாக வந்தால் வேகம் கூடும். ஆக, வேகமாக ஓடி மெதுவாக ஓடாத வைப்பரில் ஒரு பிரஷ் தேய்ந்திருக்கலாம், மெதுவாக ஓடி வேகமாக ஓடாததில் இன்னொன்று. ஸ்விட்சிலும் ரிலேயிலும் இதே குறி வரும் என்பதால், கப்ளரைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேரடியாக இரண்டு வயர் கொடுத்துப் பார்த்தபிறகே முடிவுக்கு வரலாம். பிரஷ் செட் பல மாடல்களுக்குத் தனியாகக் கிடைக்கிறது. சென்னை பாடியில் இருக்கிற லூகாஸ் டி.வி.எஸ். போல நம் ஊரிலேயே வைப்பர் மோட்டார் செய்கிற தொழிற்சாலை இருப்பதால் சாமானுக்குத் திண்டாட்டம் குறைவு.

அந்த நைலான் சக்கரத்தின் முகத்தில் ஒரு செம்புத் தகடு வட்டமாகப் பதிந்திருக்கும், ஓரிடத்தில் மட்டும் வெட்டு விட்டு. நீங்கள் வைப்பரை அணைத்ததும் பிளேடு நடுவில் நிற்காமல் கீழே போய்ப் படுத்துக்கொள்வது இதனால்தான். ஸ்விட்சை அணைத்தாலும் இந்தத் தகடு வழியாக மோட்டாருக்குக் கரண்ட் கிடைத்துக்கொண்டே இருக்கும். வெட்டு வந்ததும் நின்றுவிடும். பழைய கிரீஸ் கறுத்துக் கெட்டியாகித் தகட்டை மூடிவிட்டால், அணைத்த இடத்திலேயே பிளேடு நின்றுவிடும். வெட்டு இருக்கிற இடத்தில் தொடுப்பு ஒட்டிக்கொண்டால் அணைத்தாலும் நிற்காது. பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, தொடுகிற தகட்டு விரல்களை லேசாக நிமிர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். மறுபடி மாட்டும்போது, லிங்கேஜ் இல்லாமல் மோட்டாரை ஒருமுறை ஓட்டி அணையுங்கள். அது படுக்கிற இடத்துக்கு வந்து நின்ற பிறகே கம்பியைக் கோர்க்க வேண்டும்.

விட்டுவிட்டு ஓடுகிற வேகம் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அதற்கென்று இருக்கிற சின்ன ரிலேயைப் பாருங்கள். இதன் பின்னால் ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் ராபர்ட் கேர்ன்ஸ் என்ற பொறியாளர். 1953-ல் கல்யாண இரவன்று ஷாம்பெயின் பாட்டில் மூடி தெறித்து இடது கண் பாதிக்கப்பட்டவர். கண் இமைப்பதுபோல வைப்பரும் இடைவெளி விட்டு ஓடினால் என்ன என்று 1960-களில் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர், ஒரு ரெசிஸ்டரை வைத்து அதைச் செய்தார். 1967-ல் காப்புரிமை கிடைத்தது. பெரிய கார் கம்பெனிகள் அதே யோசனையைப் போடத் தொடங்கியதும் வழக்குப் போட்டார். 1990-ல் ஃபோர்டு அவருக்கு 1 கோடியே 2 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. 1992-ல் கிரைஸ்லருக்கு எதிராகவும் தீர்ப்பு வந்தது. வழக்கின் பெரும்பகுதியை அவரே நின்று வாதாடினார். தனி ரிலே இருக்கிற வண்டிகளில் அது பழசாகும்போது கெபாசிட்டர் வறண்டுபோகும், சால்டரிங் விண்டு போகும். இடைவெளி கண்டபடி மாறும். நான் அந்த ரிலேயைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அந்த மனிதரை மரியாதையோடு நினைத்துக்கொள்வேன்.

அவருக்கும் முன்னால் ஒரு பெண்மணி. அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன். நியூயார்க்கில் பனி கொட்டுகிற நாளில், டிராம் ஓட்டுகிறவர் சாலை தெரிவதற்காக முன் கண்ணாடியைத் திறந்து வைத்து ஓட்டுவதைப் பார்த்தார். உள்ளே இருந்து கையால் திருகினால் வெளியே ரப்பர் துடைக்கிற ஏற்பாட்டுக்கு 1903 நவம்பர் 10-ம் தேதி காப்புரிமை வாங்கினார். அதில் அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. பிறகு என்ஜின் உறிஞ்சுகிற காற்றால் ஓடுகிற வைப்பர் வந்தது. பழைய வில்லிஸ் ஜீப்பில் அதுதான். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி சொல்வார்: மலையேறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் அந்த வைப்பர் படுத்துவிடும், அது ஒருமுறை துடைக்க வேண்டும் என்பதற்காகவே டிரைவர் காலை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று.

இப்போது ரப்பருக்கு வருகிறேன். வருகிற புகாரில் பாதி இதுதான். நம் ஊர் வெயிலில் வைப்பர் ஓடித் தேய்வதைவிட ஓடாமல் கிடந்து கெடுவதுதான் அதிகம். மாதக்கணக்கில் ஒரே பக்கம் சாய்ந்து படுத்து, ரப்பரின் விளிம்பு அந்தச் சாய்விலேயே விறைத்துவிடும். நல்ல ரப்பர் மேலே போகும்போது ஒரு பக்கமும் கீழே வரும்போது மறுபக்கமும் மடங்கி, எப்போதும் பின்னால் இழுபட்டபடிதான் போக வேண்டும். விறைத்த ரப்பர் திரும்பும்போது மடங்காது. ஒரு திசையில் சுத்தமாகத் துடைத்து, மறு திசையில் கடகடவென்று குதித்துக்கொண்டு வரும். புது பிளேடு போட்ட பிறகும் இப்படிக் குதித்தால் கை முறுகியிருக்கிறது என்று அர்த்தம். பிளேடைக் கழற்றிவிட்டு கையின் நுனியைப் பாருங்கள். அது கண்ணாடிக்குச் சமமாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் துணி சுற்றி ஸ்பேனரால் பிடித்து மெதுவாகத் திருப்பினால் போதும்.

மெல்லிய கோடு ஒன்று விட்டுத் துடைத்தால் விளிம்பில் வெட்டு இருக்கும், அல்லது மண் ஒட்டியிருக்கும். ஈரத் துணியை விளிம்பில் வைத்து ஒரே இழுப்பாக இழுங்கள். துணியில் வருகிற கறுப்பைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். கண்ணாடி முழுக்க மங்கலாகப் பூசினால் அது கண்ணாடியின் குற்றம். வாட்டர் வாஷ் கொடுத்த இடத்தில் பாலிஷ் பட்டிருக்கும், டீசல் புகை படிந்திருக்கும். ஷாம்பூ தண்ணீரால் இரண்டு முறை கழுவுங்கள். மண்ணெண்ணெய், டீசல் வேண்டவே வேண்டாம். ரப்பர் ஊதிப்போகும், கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் நிற்கும். பிளேடு மாற்றும்போது கண்ணாடி மேல் கெட்டியாக ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். பிளேடு இல்லாத வெறும் கை ஸ்பிரிங் விசையில் விழுந்தால் கண்ணாடி விரிந்துவிடும். பத்து நிமிட வேலைக்குக் கண்ணாடிச் செலவு வந்தவர்களைத் தெரியும்.

தண்ணீர் அடிக்கிற வாஷரையும் விட்டுவிடாதீர்கள். தூறலில் முன்னால் போகிற லாரி தெளிக்கிற சேற்றுக்கு வைப்பர் மட்டும் போதாது. பம்ப் சத்தம் வந்து தண்ணீர் வரவில்லை என்றால் டியூப் கழன்றிருக்கும், அல்லது நாஸில் துளை அடைத்திருக்கும். மெல்லிய ஊசியால் குத்தினால் திறக்கும். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு பூத்து மறுபடி அடைக்கும். ஹேட்ச்பேக் காரில் பின் வைப்பர் ஓடாவிட்டால் டிக்கிக் கதவின் கீல் பக்கம் இருக்கிற ரப்பர் குழாயை இழுத்துப் பாருங்கள். திறந்து மூடி, திறந்து மூடி உள்ளே வயர் அறுந்திருக்கும். மழையைத் தானாக உணர்ந்து ஓடுகிற புது ரகங்களில் கண்ணாடி மாற்றிய பிறகு கோளாறு வந்தால், கண்ணாடி போட்டவரிடமே முதலில் போங்கள். சென்சார் சரியாக ஒட்டாமல் உள்ளே காற்றுக்குமிழ் நின்றிருக்கும்.

1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் வைப்பருக்கென்றே 101-வது விதி இருக்கிறது. எஃப்.சி. காட்டப் போகிற வண்டிக்காரர்கள் அதற்காகவாவது பார்த்துவிடுகிறார்கள். சொந்த கார் வைத்திருப்பவர்களை நான் கேட்டுக்கொள்வது, புரட்டாசிக்குள் ஒருமுறை தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பாருங்கள் என்பதுதான். ஐப்பசியில் வந்தால் எங்கள் கடையில் வரிசை நிற்கும், கேட்கிற அளவு பிளேடும் கிடைக்காது.

அதையும் மீறி மலைப்பாதையில் டிரைவர் பக்க ரப்பர் கிழிந்துவிட்டால், வளைவில் நிறுத்தாமல் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள். சில பழைய டிரைவர்கள் புகையிலையைக் கண்ணாடியில் தேய்ப்பார்கள்; தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் பரவும், கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதைவிட நல்ல வழி, இடது பக்க பிளேடைக் கழற்றி டிரைவர் பக்கம் மாட்டுவது. அது பெரும்பாலும் அளவில் சிறியதாக இருக்கும்; பார்வைக்கு நேரே இருக்கிற இடத்தை அது துடைத்துவிடும். இரண்டு கையும் சேர்ந்தே ஓடும் என்பதால் இடது பக்கத்து வெறும் கையை அப்படியே விடக்கூடாது. நட்டைக் கழற்ற ஸ்பேனர் இருந்தால் கழற்றி டிக்கியில் போடுங்கள். இல்லையென்றால் நுனியில் துணியைக் கெட்டியாகச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, மெதுவான வேகத்தில் மட்டும் வைப்பரை ஓட்டிக்கொண்டு அடுத்த ஊர் வரை போங்கள்.